தாய்மார் பக்கம்: பால் பல் விழாமல் நின்றால்...

பிள்ளைக்கு முதல் பால் பல் ஆடத் தொடங்கிவிட்டால் வீட்டிலே ஒரே அமர்க்களம்தான். நூல் கட்டி இழுக்கலாமா என்று அப்பா கேட்பார். "வேண்டாம், தானே விழட்டும்" என்று பாட்டி தடுப்பாள். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்த காலம் போய், மாடி வீட்டில் எங்கே எறிவது என்று தெரியாமல் பூந்தொட்டியில் புதைக்கிற காலம் வந்துவிட்டது. எங்கே போட்டாலும் சரி, ஆறு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயதுக்குள் இருபது பால் பல்லும் உதிர்ந்து புதுப் பல் வரவேண்டும் என்பது கணக்கு.

சில பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு நடப்பதில்லை. எட்டு வயதாகும், ஒன்பது வயதாகும், பால் பல் வரிசை கலையாமல் அப்படியே நிற்கும். "லேட்டா விழுந்தா கெட்டிப் பல்லுடீ" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வெறும் தாமதம்தான், பயப்பட ஒன்றுமில்லை. மிகமிகச் சிலருக்கு மட்டும் அது எலும்பிலே பிறவியிலிருந்தே உள்ள ஒரு கோளாறின் அடையாளம். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் முகத்தை அளக்க வேண்டும். முகத்தை அளப்பதா, துணியா அது என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். என் ஓர்ப்படியின் மகள் விஷயத்தில் கூடவே அலைந்து, டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

குழந்தைக்கு எட்டு வயதில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் முன் பால் பல் நான்கைப் பிடுங்கிவிட்டு, "மூணு மாசத்துல புதுப் பல் வந்துடும்" என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதம் போயிற்று, ஒரு வருஷமும் போயிற்று. ஈறு வழவழவென்று அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் "பொக்கைப் பாட்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேசும்போதெல்லாம் குழந்தை கையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டாள். பல் வராததைவிட இதுதான் எங்களுக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

அப்புறம் போனது கிளிப் போடுகிற டாக்டரம்மாவிடம். அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, "இரண்டு தோளையும் முன்னால கொண்டு வாம்மா, பார்க்கலாம்" என்றார். குழந்தை சிரித்துக்கொண்டே இரண்டு தோளையும் மார்புக்கு முன்னால் ஏறக்குறைய ஒட்டிக் காட்டினாள். வீட்டில் விருந்தாளி வந்தால் அவள் செய்து காட்டுகிற வித்தை அது! டாக்டரம்மா சிரிக்கவில்லை. உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்ள வேண்டிய உச்சிக்குழி ஒன்பது வயதிலும் மெத்தென்று இருந்தது.

இந்தக் கோளாறுக்குக் கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். காறை எலும்பும் மண்டை எலும்பும் சரியாக அமையாத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. காறை எலும்பு ஒன்று சிறுத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதனால்தான் தோள் முன்னால் வந்து சேர்கிறது. நெற்றி புடைத்து, மூக்கின் வேர் அழுந்தியிருக்கும். உயரம் சற்றுக் குறைவு. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். எங்கள் குழந்தை கணக்கில் வகுப்பிலே முதல்.

பல் விஷயத்தில்தான் இந்தக் கோளாறு வேடிக்கை காட்டுகிறது. பால் பல் எல்லாம் ஒழுங்காகவே முளைக்கும். அதனால் தாய்க்குச் சந்தேகமே வராது. நிரந்தரப் பல் உள்ளே உருவாகியிருக்கும், மேலே வராது. போதாததற்கு, கணக்கில் இல்லாத உபரிப் பற்கள் வேறு உள்ளே உருவாகி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். முகம் முழுவதையும் ஒரே படமாக எடுக்கிறார்களே, ஓ.பி.ஜி. என்று, அந்தப் படத்தில் பார்த்தபோது எங்களுக்குத் தலை சுற்றியது. தாடைக்குள்ளே மூட்டையில் கொட்டிய புளியங்கொட்டை மாதிரி பல், பல், பல்! பால் பல்லைப் பிடுங்கினால் புதுப் பல் தானே வரும் என்ற கணக்கு இந்தப் பிள்ளைகளிடம் ஏன் பலிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இனி அளவுக்கு வருகிறேன். ஓ.பி.ஜி. எங்கே எத்தனை பல் என்று காட்டும். தாடை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, மேல் தாடை குட்டையா, கீழ்த் தாடை நீளமா என்பதை அது சரியாகச் சொல்லாது. அதற்குத்தான் செஃபலோகிராம் என்ற பக்கவாட்டுப் படம். பிள்ளையை நிற்க வைத்து, இரண்டு காது துவாரத்திலும் மழுங்கலான சின்னக் குச்சிகளை மெதுவாகப் பொருத்தி, மூக்கின் வேரில் ஒரு தாங்கியை வைத்து, தலை அசையாமல் நிறுத்துகிறார்கள். பார்வை நேராக, பல் கடித்தபடி. கதிர் வருகிற இடத்துக்கும் தலைக்கும் 5 அடி தூரம் என்பது பழைய காலத்திலிருந்தே உள்ள விதி. சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. வலி கிடையாது. கதிரியக்கம் என்று பயப்படுகிறவர்களுக்கு: நாம் எல்லாரும் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் நம்மேல் படுகிற அளவுதான் ஏறக்குறைய இதிலும். அதற்காக மாதாமாதம் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

எதற்காக இத்தனை கெடுபிடியாகத் தலையை நிறுத்துகிறார்கள்? அடுத்த வருஷம் எடுக்கிற படமும் இதே கோணத்தில், இதே தூரத்தில் இருந்தால்தான் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து எங்கே வளர்ந்தது, எங்கே வளரவில்லை என்று பார்க்க முடியும். இந்த உபாயத்தை 1931-இல் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமலே வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ஹோஃப்ராத், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் பிராட்பென்ட். பிராட்பென்ட் முதலில் காய்ந்த மண்டையோடுகளை அளக்கிற கருவியைப் பார்த்து, உயிருள்ள பிள்ளையின் தலைக்கு ஏற்றபடி அதை மாற்றினாராம். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து ஆதரித்தவர் ஃபிரான்சஸ் போல்ட்டன் என்கிற அம்மாள். பின்னாளில் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கும் போனவர். ஆரோக்கியமான பிள்ளைகளை வருஷா வருஷம் கூட்டி வந்து படம் எடுத்து, முகம் எப்படி வளர்கிறது என்று அங்கே பதிவு செய்தார்கள். ஒரு பெண்மணி கொடுத்த பணத்தில் கிடைத்த அறிவு இன்று எங்கள் வீட்டுக் குழந்தைக்கு உதவுகிறது என்று நினைத்தால் எனக்கு உள்ளபடியே ஒரு சந்தோஷம்.

படம் வந்ததும் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் கோடு போட்டார். ஆனால் எங்களுக்குப் புரிய வைப்பதற்காக, தாம் படித்த காலத்தில் செய்தபடி படத்தின்மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டிப் பென்சிலால் வரைந்தே காட்டினார். எம்பிராய்டரிக்குப் பூ டிரேஸ் எடுப்போமே, அதேதான். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் குழியில் ஒரு புள்ளி. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி. மேல் தாடையின் முன்புறக் குழிவில் ஒன்று, கீழ்த் தாடையில் ஒன்று. பிறகு பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியை வைத்துக் கோணம் பார்க்க வேண்டியதுதான். மேல் தாடைக் கோணம் சராசரி 82 டிகிரி, கீழ்த் தாடைக்கு 80, இரண்டுக்கும் வித்தியாசம் 2. அமெரிக்காவில் ஸ்டைனர் என்பவர் 1953-இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்த எண்கள் இவை. வெள்ளைக்காரர்களின் முகத்தை வைத்துச் சொன்னவை. நம் ஊர்க்காரர்களில் பலருக்கு இயல்பாகவே பல்லும் உதடும் கொஞ்சம் முன்னால் இருக்கும். அதனால் அந்த எண்ணை அப்படியே நம் பிள்ளை முகத்தில் ஒட்டக் கூடாது, நம்மவர்களை அளந்து எடுத்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

எங்கள் குழந்தைக்கு அந்த வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. அதாவது கீழ்த் தாடை மேல் தாடையைத் தாண்டி நிற்கிறது. "பார்த்தீங்களா, நான் அப்பவே சொல்லலே? முகவாய்க்கட்டை நீண்டுக்கிட்டே போகுதுன்னு!" என்றாள் ஓர்ப்படி. டாக்டரம்மா தலையசைத்தார். "கீழ்த் தாடை நீளம் சரியாத்தாம்மா இருக்கு. மேல் தாடைதான் போதுமான அளவு வளரலே. பல்லும் மேலே வராததால கீழ் முகத்தோட உயரம் குறைஞ்சு, வாய் மூடும்போது தாடை மேலேயும் முன்னாலேயும் சுழலுது. அதனால நீளமா தெரியுது."

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு மனத்தில் பதிந்தது. சாதாரணப் பிள்ளைகளுக்கு அசையாத ஆணி மாதிரி நம்பி அளக்கிற இடம் மண்டையின் அடித்தளமும் மூக்கின் வேரும். இந்தக் கோளாறில் அந்த அடித்தளமே குட்டை, மூக்கின் வேரும் இடம் மாறி அழுந்தியிருக்கிறது. முழக்கோலே குறைவாக இருந்தால் துணி அளவு சரியாக வருமா? ஆகையால் ஒரு கோணத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், தாடைகளின் நீளத்தைத் தனியாக மில்லிமீட்டரில் அளந்து, முகத்தின் மேல் பாதி, கீழ் பாதி உயரத்தைப் பிரித்துப் பார்த்து, அப்புறம்தான் முடிவுக்கு வருகிறார்கள். எலும்புக் கோளாறு இருக்கிறது என்று தெரியாத மருத்துவர் கையில் அதே படம் கிடைத்தால் வேறு அர்த்தம் வந்துவிடலாம். ஆகவே தாய்மார்களே, பிள்ளைக்கு ஏற்கெனவே ஏதாவது எலும்பு வியாதி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால், பல் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். "பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று விட்டுவிட வேண்டாம். உச்சிக்குழி மூடாத பிள்ளை என்றால் படம் எடுக்கிறவரிடமும் சொல்லுங்கள், தாங்கியைப் பதமாக வைப்பார்.

சிகிச்சைக்கு நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம். இந்தப் பிள்ளைகளின் பல் உருவாவதே ஏறக்குறைய மூன்று வருஷம் பின்தங்கியிருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பல்லின் வயது ஏழுதான். ரொம்ப முன்னாலே அறுவை செய்தால் வேர் உருவாகியிருக்காது, ரொம்பத் தள்ளிப்போட்டால் பல்லை இழுத்துக் கொண்டுவருவது பெரும்பாடு. டொரன்டோ-மெல்போர்ன் முறை, பெல்ஃபாஸ்ட்-ஹாம்பர்க் முறை, ஜெருசலேம் முறை என்று ஊர்களின் பேரிலேயே பல வழிகள் இருக்கின்றன. எங்கள் டாக்டரம்மா ஜெருசலேம் வழியைத் தேர்ந்தெடுத்தார். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் முதல் அறுவை: உபரிப் பற்களை எடுத்து, முன் பற்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் சின்னக் கொக்கி ஒட்டிக் கம்பியால் மெதுவாகக் கீழே இழுப்பது. பதின்மூன்றுக்கு மேல் இரண்டாவது, கோரைப் பல்லுக்கும் அதற்குப் பின்னால் உள்ளவற்றுக்கும். பல் வர வர கீழ் முகம் உயர்ந்து, முகவாய் நீட்டலும் கொஞ்சம் குறையுமாம். அதன் பிறகும் மேல் தாடை பின்தங்கியே இருந்தால், வளர்ச்சி நின்ற பிறகு தாடை அறுவை யோசிக்கலாம். வளர்ச்சி நின்றதா என்று சொல்லவும் இதே படம்தான், இடைவெளி விட்டு எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல் செட் கட்டுவதுதான் வழி என்று இருந்தது.

பல் செட் என்றதும்தான் எங்கள் வீட்டில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. என் மாமியார் ஒரு வருஷமாக ஓர்ப்படியைப் போட்டு வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். "மாசமா இருக்கும்போது கால்சியம் மாத்திரையை ஒழுங்கா முழுங்கினியா? பாலைக் கண்டாலே ஓடினியே!" அவளும் தனியாக என்னிடம், "அக்கா, நிஜமாவே என்னாலதானா?" என்று அழுவாள். டாக்டரம்மா குழந்தையின் அப்பாவை, அதாவது என் கொழுந்தனாரை, சட்டையைத் தளர்த்தித் தோளைக் காட்டச் சொன்னார். சரிந்த, குறுகிய தோள். இருபத்தேழு வயதிலேயே அவர் பல் செட் கட்டிக்கொண்டவர். "பல் சொத்தை" என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். அன்று மாமியார் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது ஓர்ப்படியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

இது தாயின் சாப்பாட்டால் வருவதில்லை. ஆறாம் குரோமோசோமில் உள்ள ரன்க்ஸ்-2 என்ற மரபணுவில் மாற்றம் என்று 1997-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமல் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒருவருக்குப் பல மனைவியர். அவருடைய வாரிசுகளில் 356 பேரைத் தேடிப் பார்த்த ஜாக்சன் என்ற மருத்துவர், 70 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக 1951-இல் எழுதினார். குடும்பப் பெயரை வைத்து "ஆர்னால்ட் தலை" என்றே அதற்குப் பெயர்.

நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்பார்கள். இந்தக் கோளாறுக்கு அது பொருந்தாது. ஆனால் பிக்னோடிசோஸ்டோசிஸ் என்று இன்னொன்று உண்டு, அதற்குப் பொருந்தும். அது இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டியது என்பதால் மாமன் மகள், அக்காள் மகள் சம்பந்தங்களில் அதிகம் தென்படும். அதிலும் உச்சிக்குழி மூடாது, உயரம் குறைவு, விரல் நுனி குட்டை. பக்கவாட்டுப் படத்தில் கீழ்த் தாடையின் மூலை வளைவே இல்லாமல் நேராக ஓடும். எலும்பு கல் மாதிரி இறுகியிருக்கும், ஆனால் சுலபத்தில் முறியும். அந்தப் பிள்ளைக்கு அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பே சீழ் பிடித்துவிடலாம், முறிந்தும் போகலாம். இரண்டு கோளாறும் மேலுக்கு ஒன்றுபோல இருந்து, பிடுங்குகிற விஷயத்தில் இத்தனை வித்தியாசம்! எலும்பு நொறுங்கும் வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஊசி பல் பிடுங்கிய இடம் ஆறுவதையும் கம்பிக்குப் பல் நகர்வதையும் பாதிக்கக்கூடும் என்பதால் அதையும் முன்னாலேயே சொல்லியாக வேண்டும்.

எப்போது சந்தேகப்படலாம்? ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதம் ஆகியும் அதே இடத்து மறு பக்கத்துப் பல் வரவில்லை என்றால் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வயது முடிந்தும் முன் பால் பல் ஒன்றுகூட ஆடவில்லை என்றாலும் அப்படியே. கூடவே உச்சிக்குழி, தோள், அடிக்கடி காது வலி, சளி என்று ஏதாவது இருந்தால் தள்ளிப் போடவே வேண்டாம். செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு: சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டும்தான், கையில் ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

பெண் குழந்தையாக இருந்தால் இன்னும் ஒரு விஷயம். இந்தக் கோளாறில் இடுப்பெலும்பு குறுகலாக அமைவது உண்டு. பின்னாளில் பிரசவத்துக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். அவள் பெரியவளாகிக் கல்யாணமாகிப் போகும்போது மருத்துவச் சீட்டும் அவளோடு போகட்டும், மறைத்து வைக்காதீர்கள்.

எங்கள் குழந்தைக்கு முதல் அறுவை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. முன் பல் இரண்டு அரிசி மணி அளவுக்கு எட்டிப் பார்க்கிறது. "பெரியம்மா, இன்னிக்கு எவ்வளவு வந்திருக்கு பாருங்க" என்று டார்ச்சை என் கையில் கொடுத்து வாயைத் திறக்கிறாள். அடுத்த பக்கவாட்டுப் படம் வருகிற கோடை லீவில். பழைய படத்தைக் கட்டாயம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதன்மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். உங்கள் வீட்டிலும் அப்படிப் படம் இருந்தால் சுருட்டி பீரோ மேலே சொருகாதீர்கள், வெயிலில் ஒட்டிக்கொள்ளும். காலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவே தட்டையாக வைத்து, உறையின்மேல் தேதியையும் அன்றைக்குப் பிள்ளையின் வயதையும் எழுதிவிடுங்கள்.